டெஸ்டிங் மட்டும்தான் செய்தேன், இது அனுபவமாகுமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறேன். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்பா சிவகாசியில் அச்சகத் தொழிலாளி. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. சிஜிபிஏ 7.1. டிஸ்கிரீட் மேத்ஸில் ஓர் அரியர் நிற்கிறது.

கோடை விடுமுறையில் மதுரையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் போனேன். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறார்கள். கோடிங் கொடுப்பார்கள் என்று ஆசையோடு போனேன். விதவிதமாக பில் போட்டுப் பார்த்து, தப்பு வந்தால் எக்செல் ஷீட்டில் எழுதச் சொன்னார்கள், அவ்வளவுதான். மொத்தத் தொகையில் ஒரு பைசா, இரண்டு பைசா வித்தியாசம் வருவதைக் கண்டுபிடித்தேன். சீனியர் சரிசெய்துவிட்டார், ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. கல்லூரி லேப் புரோகிராம்களையும் பெரும்பாலும் சாட்ஜிபிடியிடம் கேட்டுத்தான் முடித்திருக்கிறேன்.

இப்போது அதே கம்பெனி எட்டாம் செமஸ்டருக்கு வரச் சொல்கிறது. ஆறு மாதம் ஸ்டைபண்ட் கிடையாது. அதன் பிறகு மாதம் 15,000 ரூபாய்க்கு வேலை. இரண்டு வருட பாண்ட், நடுவில் போனால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கேட்கிறார்கள். இதைப் பிடித்துக்கொள்ளட்டுமா, கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் காத்திருக்கட்டுமா? இந்த ஒரு வருடத்தில் படிப்பிலும் சரி, வேலையிலும் சரி, ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது, மேடம்.

பதில்: ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் நிதானமாக யோசித்து முடிவெடுக்க வேண்டியவை. இது ஒன்றுதான் யோசிக்கவே தேவையில்லாதது என்பதால் முதலில் சொல்கிறேன். சேரும் நாளில் ஒரிஜினலைக் காட்டலாம். அவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். நகலைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கல்லூரிகளே மாணவர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. ஒரு கம்பெனி அவற்றை வாங்கிப் பூட்டி வைப்பது, நீங்கள் வேறு வேலைக்கு நகர முடியாமல் செய்வதற்குத்தான். நாளைக்கு ஒரு அரசுத் தேர்வில் தேறினாலும் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தாலும் அந்தக் காகிதத்துக்காக அவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்று எழுதியிருப்பது. நான் அதை ஏற்க மாட்டேன். புதிதாகப் பட்டம் முடித்து வருகிறவர்களை இன்டர்வியூ செய்வது பல ஆண்டுகளாக என் வேலையில் ஒரு பகுதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பில்லில் ஒரு பைசா வித்தியாசத்தைக் கண்டுபிடித்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். நூறு பில் போட்டவர்களின் கண்ணிலும் படாமல் போகிற விஷயம் அது. உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. குறை ஒன்றுதான். கண்டுபிடித்ததோடு நின்றுவிட்டீர்கள், ஏன் வந்தது என்று தோண்டிப் பார்க்கவில்லை. அதை இப்போதும் செய்யலாம். வாருங்கள், சேர்ந்தே செய்வோம்.

இந்த மாதிரி பைசா வித்தியாசம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்து வரும்.

முதல் இடம், கம்ப்யூட்டர் எண்ணை வைத்துக்கொள்ளும் விதம். மூன்றாம் செமஸ்டரில் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் படித்தபோது ஃப்ளோட்டிங் பாயின்ட் என்று, புள்ளி வைத்த எண்களைக் கம்ப்யூட்டர் சேமிக்கும் முறையைப் பற்றி ஒரு பகுதி வந்திருக்கும். ஐஇஇஇ 754 என்ற தரநிலை, 1985இல் வந்தது. சைன் பிட், எக்ஸ்போனென்ட், மான்டிஸா என்று கட்டம் போட்டுப் படம் வரைந்து மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். அந்தப் படத்துக்கும் மதுரையில் நீங்கள் போட்ட பில்லுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.3333 என்று முடிவில்லாமல் போகிறது அல்லவா? அதேபோல பத்தில் ஒன்றை, 0, 1 என்ற இரண்டு இலக்கம் மட்டுமே உள்ள பைனரியில் எழுதினால் 0.0001100110011 என்று போய்க்கொண்டே இருக்கும், முடியாது. கம்ப்யூட்டர் எங்காவது ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். அதனால்தான் பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 0.1 + 0.2 என்று கொடுத்தால் 0.3 வராமல் 0.30000000000000004 வருகிறது. 1.005 ரூபாயைப் பைசாவாக்க, 1.005ஐ 100ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 100.5 வராது, 100.49999999999999 வரும். அதை முழு எண்ணாக ரவுண்ட் செய்தால் 101 பைசா வர வேண்டிய இடத்தில் 100 பைசா வந்து நிற்கும். கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு இந்த இரண்டையும் இப்போதே அடித்துப் பாருங்கள்.

இரண்டாவது இடத்துக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம், ஒரு துண்டுக் காகிதம் போதும். ஒரு பில்லில் மூன்று பொருள்கள், ஒவ்வொன்றும் 33.30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத ஜிஎஸ்டி என்றால் மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5. ஒரு பொருளுக்கு மத்திய வரி 0.8325 ரூபாய், ரவுண்ட் செய்தால் 83 பைசா. மூன்று பொருளுக்கும் கூட்டினால் 2.49 ரூபாய். அதையே பொருள் வாரியாகப் போடாமல் மொத்தத்தில் போடுங்கள். 99.90 ரூபாய்க்கு 2.5 சதவீதம் 2.4975, ரவுண்ட் செய்தால் 2.50. ஒரு பைசா இடிக்கிறது. மாநில வரியிலும் இதே ஒரு பைசா இடிக்கும், ஆக மொத்தம் இரண்டு பைசா. இங்கே எந்த எண்ணும் தவறாகச் சேமிக்கப்படவில்லை. சாஃப்ட்வேரின் ஒரு பகுதி ஒவ்வொரு வரியிலும் ரவுண்ட் செய்கிறது, இன்னொரு பகுதி கடைசியில் ஒரே தடவை ரவுண்ட் செய்கிறது. ஒரு பைசா, இரண்டு பைசா என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் கம்பெனியில் நடந்தது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம்.

எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த பில்லைக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள், பொருள் வாரியாக ஒருமுறை, மொத்தத்தில் ஒருமுறை. காகிதத்திலும் அதே வித்தியாசம் வந்தால் ரவுண்ட் செய்யும் இடத்தில்தான் பிரச்சினை. காகிதத்தில் சரியாக வந்து திரையில் மட்டும் தவறினால் முதல் காரணத்தைச் சந்தேகப்படலாம். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. முதலாவதற்கு, பணத்தை ஃப்ளோட்டில், அதாவது ஃப்ளோட்டிங் பாயின்ட் எண்ணாக, வைக்காமல் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைக்க வேண்டும், அல்லது பைத்தானின் டெசிமல், ஜாவாவின் பிக்டெசிமல், மைஎஸ்கியூஎல்லின் டெசிமல் போன்ற, தசம எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் வகைகளைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவதற்கு இவை எதுவும் உதவாது. கடைக்காரருடைய ஆடிட்டரிடம் கேட்டு, எங்கே ரவுண்ட் செய்வது என்று ஒரு விதியை முடிவுசெய்து, பில், ரிப்போர்ட், வரி ரிட்டர்ன் எல்லாவற்றிலும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். கோடிங் தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவார்கள். டெசிமலுக்கு மாற்றிவிட்டேன், இன்னும் ஏன் இடிக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

பைசாவுக்கு இவ்வளவு பேச்சா என்று உங்கள் தோழிகள் கேட்கலாம். 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க ராணுவத்தின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு எதிரியின் ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தில் ஒன்றை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் கண்ணுக்கே தெரியாத அளவு பிழை. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியபோது அது சேர்ந்து சுமார் 0.34 விநாடி ஆகிவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். 0.1 பைனரியில் முடியாது என்ற அதே விஷயம்தான். உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் அந்தக் கட்டம் போட்ட படத்தை இனி வேறு கண்ணோடு பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இது. அந்த சீனியருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: “அண்ணா, அந்தப் பைசா வித்தியாசத்தை எப்படிச் சரிசெய்தீர்கள், எந்த இடத்தில் மாற்றினீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.” சொந்த வேலையைப் பற்றி ஒருவர் அக்கறையோடு கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அதன் பிறகு நீங்களே சின்னதாக ஒரு பில் கணக்கு புரோகிராமை பைத்தானில் எழுதுங்கள். கம்பெனியின் புரோகிராம் கோடை எடுக்காதீர்கள், அதை கிட்ஹப் போன்ற, கோட் பகிரும் தளத்தில் போடவே போடாதீர்கள், அது அவர்கள் சொத்து. உங்களுடையது முதல் வரியிலிருந்தே உங்கள் கையால் ஆரம்பிக்கட்டும். திரை அழகாக இருக்க வேண்டியதில்லை, லாகின் பக்கமே வேண்டாம். பொருள், விலை, வரி, மொத்தம் போதும். ஃப்ளோட்டில் ஒரு தடவை, டெசிமலில் ஒரு தடவை, பைசாவை முழு எண்ணாக வைத்து ஒரு தடவை எழுதுங்கள். ஒரே பில்லை மூன்றிலும் ஓட்டி, எங்கே விலகுகிறது என்று பாருங்கள். போகிற வழியில் இன்னொன்றும் தட்டுப்படும்: பைத்தானில் 2.5ஐ ரவுண்ட் செய்யச் சொன்னால் 2 வரும், 3.5ஐச் சொன்னால் 4 வரும். நடுவில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது அதன் வழக்கம். பள்ளியில் நாம் படித்த முறை அதுவல்ல. இதையும் சோதனைப் பட்டியலில் சேருங்கள். நீங்கள் எக்செல்லில் எழுதிய பழக்கம் இங்கே கைகொடுக்கும். என்ன கொடுத்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்ற மூன்று கட்டங்களை டெஸ்ட் கேஸாக எழுதத் தெரிந்த மூன்றாம் ஆண்டு மாணவிகள் அபூர்வம்.

இன்டர்வியூவில் இது எப்படி உதவும் என்று சொல்கிறேன். புராஜெக்ட் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் நிறையப் பேர் முக அடையாளத்தை வைத்து வருகைப் பதிவு எடுக்கும் சிஸ்டம், ஆன்லைன் ஷாப்பிங் தளம் என்று ஆரம்பிப்பார்கள். முதல் கேள்விக்குப் பதில் மனப்பாடமாக வரும். இரண்டாவது கேள்விக்குத் திணறல். இந்த இடத்தில் ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற மூன்றாவது கேள்விக்கு மௌனம். பலர் புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதைத்தான் கொண்டுவந்திருப்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வரும். ஒரு தொழிலாளியின் மாதக் கணக்கான சேமிப்பு அந்த சிடியில் போயிருக்கும், பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட விளங்கியிருக்காது. நீங்கள் வந்து, பில்லில் இரண்டு பைசா இடித்தது, இரண்டு காரணங்களைச் சந்தேகப்பட்டேன், இப்படிச் சோதித்து இதுதான் என்று கண்டுபிடித்தேன் என்று சொன்னால், நான் பத்து கேள்வி கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்கும். தெரியாத இடம் வந்தாலும் எங்கே தெரியாமல் போகிறது என்று சொல்லத் தெரியும். நான் தேடுவது அதைத்தான். எனக்குத் தெரிந்த மற்ற இன்டர்வியூயர்கள் தேடுவதும் அதைத்தான்.

சாட்ஜிபிடி விஷயத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அது 2022 நவம்பரில் வந்தது. உங்கள் தலைமுறைக்குக் கல்லூரிப் படிப்பு முழுக்க அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தொடாதே என்று சொல்ல மாட்டேன், நாங்களும் அலுவலகத்தில் இப்படிப்பட்ட கருவிகளைப் பயன்படுத்துகிறோம். ஆனால் கேட்கும் வரிசையை மாற்றுங்கள். முதலில் நீங்களே எழுதுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. எரர் வந்தால் அந்தச் செய்தியை முழுசாகப் படியுங்கள், எந்த வரி என்று அதிலேயே இருக்கும். அதற்கும் மேலே நகரவில்லை என்றால் அதனிடம் போய், இதைத் திருத்திக் கொடு என்று கேட்காமல், இது ஏன் ஓடவில்லை என்று கேளுங்கள். விளக்கம் புரிந்ததும் மூடிவிட்டு, அடுத்த நாள் பார்க்காமல் எழுதுங்கள். வரவில்லை என்றால் நேற்றுப் புரிந்ததாக நினைத்தது புரியவில்லை என்று பொருள். கஷ்டமாகத்தான் இருக்கும், லேப் ரெக்கார்டு மெதுவாகத்தான் முடியும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அந்தக் கருவியிடம் பில் கணக்குக்கு புரோகிராம் கேட்டுப் பாருங்கள், சுத்தமாக எழுதிக் கொடுக்கும். ஆனால் எந்த இடத்தில் ரவுண்ட் செய்ய வேண்டும் என்று அந்தக் கடையின் ஆடிட்டர் சொன்னது அதற்குத் தெரியாது. தப்பு எங்கே வரும் என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தவருக்கு இனிமேல் மதிப்பு கூடும் என்றே நினைக்கிறேன். உங்கள் ஆறு வாரம் அந்தத் திசையில்தான் போயிருக்கிறது.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, தமிழ் வழி என்று மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதற்குள் இருக்கும் பயத்தை என்னால் படிக்க முடிகிறது. எங்கள் வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் கொஞ்சம்தான். என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், ஏன் என்று நினைக்கிறேன். தினமும் ஏதாவது ஒரு பிழையைப் பற்றி இந்த நான்கையும் நான்கு எளிய வாக்கியமாக எழுதிப் பழகுங்கள். பேசுவதற்கு முன்னால், அதே விஷயத்தை வீட்டில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழில் தடுமாறினால் பிரச்சினை ஆங்கிலத்தில் இல்லை, விஷயம் இன்னும் தெளியவில்லை. தமிழில் தெளிவாக வந்துவிட்டால் ஆங்கிலத்தில் இலக்கணம் கொஞ்சம் இடறினாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். நல்ல இன்டர்வியூயர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு, அதை இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

இனி அந்தக் கம்பெனி விஷயம். அவர்கள் உங்களைத் திரும்பக் கூப்பிடுவதே ஒரு செய்தி. ஆறு வாரம் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் கெஞ்ச வேண்டிய இடத்தில் நீங்கள் இல்லை, மரியாதையாக நிபந்தனை பேசலாம். எட்டாம் செமஸ்டர் பெரும்பாலும் புராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்புக்கானது, அதை ஒரு உண்மையான கம்பெனியில் செய்வது நல்ல யோசனைதான். சின்னக் கம்பெனி என்பதும் குறையில்லை. பெரிய நிறுவனத்தில் முதல் ஆண்டு முழுக்க ஒரு மூலையைத்தான் காட்டுவார்கள். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் கடைக்காரர் போனில் திட்டுவதிலிருந்து டேட்டாபேஸ் வரைக்கும் எல்லாமே உங்கள் காதில் விழும்.

ஆனால் ஆறு மாதம் காசில்லாமல் வேலை வாங்குவது நியாயமில்லை. மதுரையில் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் உங்கள் அப்பாவின் கூலியிலிருந்து போகப்போகிறது. அவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு முதலீடு போடுவதற்குச் சமம் அது. குறைந்தது தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் ஈடாகும் அளவுக்கு ஸ்டைபண்ட் கேளுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள், எனக்கு இது பணத்தைவிட முக்கியமாகப் படுகிறது: டெஸ்டிங்கோடு கூட, நீங்கள் கண்டுபிடிக்கும் பிழைகளில் சிறியவற்றை ஒரு சீனியரின் மேற்பார்வையில் நீங்களே திருத்த வேண்டும், அதற்கு அவர்களுடைய புரோகிராம் கோடைப் படிக்க அனுமதி வேண்டும். இது கிடைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்தும் இதே கடிதத்தை எனக்கு எழுதுவீர்கள்.

பாண்ட் பற்றி இரண்டு விதமான பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். கையெழுத்துப் போட்டால் அடிமை என்பார்கள் சிலர். அது வெறும் காகிதம், கோர்ட்டில் நிற்காது என்பார்கள் மற்றவர்கள். இரண்டும் சரியில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அதன் 27ஆம் பிரிவின்படி, விலகிய பிறகு வேறு எங்கும் வேலை பார்க்கக் கூடாது என்று பொதுவாக யாரையும் கட்டிப்போட முடியாது. 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால் அதுவே உச்சவரம்பு, நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும். அதற்காக பாண்ட் செல்லாது என்று நினைத்துவிட வேண்டாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கி தன் அதிகாரியிடம் மூன்று ஆண்டு வேலை அல்லது 2 லட்சம் ரூபாய் என்று எழுதி வாங்கியதைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பெரிய செலவில் போட்டித் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் வங்கியின் நிலைமை வேறு, உங்களுக்கு ஸ்டைபண்டே தராத கம்பெனியின் நிலைமை வேறு. ஆனாலும் வழக்கு, வாய்தா என்று அலைவது உங்களைப் போன்ற குடும்பத்துக்குத் தாங்காது. அதனால் எனது கருத்து: மாதம் 15,000 சம்பளத்துக்கு ஒன்றரை லட்சம் பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். பத்து மாதச் சம்பளத்தை அடகு வைப்பதாக ஆகிவிடும். பாண்ட் இல்லாமல், விலகுவதற்கு ஒன்று அல்லது இரண்டு மாத நோட்டீஸ் என்று எழுதிக் கொடுத்தால் போகலாம்.

அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் போனால் உலகம் இருண்டுவிடாது. எட்டாம் செமஸ்டர் புராஜெக்டைக் கல்லூரியிலேயே செய்யுங்கள். நான் மேலே சொன்ன பில் கணக்கை வளர்த்தாலே போதும், பக்கத்து மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்து அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதினாலே அது உயிருள்ள புராஜெக்ட். பட்டம் வாங்கிய பிறகு, 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் ஓராண்டுப் பயிற்சி என்ற வழியும் இருக்கிறது. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது, தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் உள்ளது. உங்கள் மதுரைக் கம்பெனிக்கே இது தெரியாமல் இருக்கலாம். ஸ்டைபண்ட் கொடுக்க வசதியில்லை என்று சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேம்பஸை விட வேண்டாம், அதையே நம்பியும் உட்கார வேண்டாம். பெரிய சர்வீஸ் கம்பெனிகள் புதியவர்களுக்குத் தரும் ஆண்டுச் சம்பளம் பல வருடங்களாக 3 முதல் 4 லட்சத்துக்குள்ளேயே நிற்கிறது. அதிலும் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் அடங்கியிருக்கும், பன்னிரண்டால் வகுத்து அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். 2022இல் பட்டம் முடித்தவர்களில் பலர் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஓராண்டுக்கும் மேல் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். ஆஃபர் வந்தாலும் சேரும் நாள் வரை கற்பதை நிறுத்தக் கூடாது. வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து பணம் கேட்கும் கோச்சிங் சென்டர்கள் பக்கம் போக வேண்டாம். என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் டேட்டாபேஸ் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன, தேர்வு எழுதினால் மட்டும்தான் கட்டணம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த அரியர். கேம்பஸுக்கு வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் 60 சதவீதம் கேட்கும், நிற்கும் அரியர் இருக்கக் கூடாது என்றும் கேட்கும். நீங்கள் பைசாவைப் பற்றி அழகாகப் பேசுவதைக் கேட்பதற்கு முன்பே அந்த ஒரு பேப்பர் உங்களை வாசலில் நிறுத்திவிடும். டிஸ்கிரீட் மேத்ஸ் உங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பாடமும் இல்லை. ரிலேஷன்ஸ் என்று அதில் வருவதுதான் டேட்டாபேஸில் டேபிள், லாஜிக் என்று வருவதுதான் நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு இஃப் கண்டிஷனும். யூனிட் வாரியாகப் பழைய வினாத்தாள்களை எடுத்து, தினமும் காலையில் ஒரு மணி நேரம் கையால் போட்டுப் பழகுங்கள். கம்பெனிக்கு, செமஸ்டர் தேர்வு முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று மரியாதையாக ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். எட்டாம் செமஸ்டருக்கு இன்னும் மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது, அதுவரை அவர்கள் காத்திருப்பார்கள். அரியர் தேர்வுக் கட்டணத்தை மட்டும் கடைசித் தேதி வரை இழுக்காமல் அறிவிப்பு வந்த வாரத்திலேயே கட்டிவிடுங்கள்.